மாய் என்றால் வாங்கவா, விற்கவா? சீனச் சொற்களும் மனசும்

கேள்வி, 1 செப்டம்பர் 2024

"ஆறு மாசமா ஆன்லைனில் சீனம் படிக்கிறேன். எங்க வாத்தியார், 'உணர்ச்சியோட படிச்ச வார்த்தை ஒருநாளும் மறக்காது, அழுதாவது சிரிச்சாவது படி'ங்கிறார். எனக்கு அழுதாலும் நிக்கலை, சிரிச்சாலும் நிக்கலை. இதில் எவ்வளவு உண்மை? பட்டவங்க சொல்லுங்க."

2 செப்டம்பர் 2024

வாத்தியார் சொன்னது சரி, மருந்துதான் மாறிப்போச்சு. அழுகையும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். பத்துப் பேர் முன்னாடி அவமானப்பட்டாப் போதும், வார்த்தை ஆணியடிச்ச மாதிரி நின்னுடும்.

எனக்குக் காரைக்குடியில் பாத்திரக்கடை. எங்க பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானை வளவு முழுக்கப் பரப்பி வைப்பாங்க. பித்தளை, எவர்சில்வர் எல்லாம் இங்கேயே வாங்கிடலாம். தாம்பூலப் பையில் போடுற குட்டிச் சிமிழ், டப்பா, கண்ணாடிக் கிண்ணம், இதுக்குத்தான் சீனா. செஜியாங் மாகாணத்தில் யீவூன்னு ஒரு ஊர். ஊரே சந்தை. 2018-இல் முதல்தடவை போனப்ப, மொழிபெயர்க்கிற பையனை ஒருநாள் வேண்டாம்னுட்டேன். முப்பது வார்த்தை தெரிஞ்ச தைரியம்.

ஒரு கடையில் நின்னு "வோ மாய்"னேன். நான் வாங்குறேன்னு சொல்றதா நினைப்பு. அந்தம்மா ஒரு மாதிரி பார்த்துட்டு "என்ன?"ன்னு கேட்டாங்க. நான் அவங்க கடை அலமாரியைக் காட்டி, இது, இது, அதோ அதுவும்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்பில் பக்கத்துக் கடையிலிருந்தெல்லாம் ஆள் வந்துட்டாங்க. விஷயம் என்னன்னா, வாங்கறதுக்கும் மாய், விக்கிறதுக்கும் மாய். தொனிதான் வேற. அவங்க கடைச் சரக்கைக் காட்டி அவங்ககிட்டயே "இதெல்லாம் நான் விக்கிறேன்"னு சொல்லியிருக்கேன்.

ஆறு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: வாங்கறது மாய்4, விக்கிறது மாய்3. அவமானம்தான் வாத்தியார்.

3 செப்டம்பர் 2024

எண் என்னன்னு கேட்டவருக்கு: மேலேயே நீட்டினா 1, "ஆங்?"னு கேக்கிற மாதிரி ஏறினா 2, பள்ளத்தில் இறங்கி ஏறினா 3, "போ!"ன்னு விரட்டுற மாதிரி விழுந்தா 4. ஒலி ஒண்ணு, தொனி மாறினா வார்த்தையே வேற. ஸு4 நாலு, ஸு3 சாவு. அதனால் அங்கே நிறையக் கட்டடங்களில் நாலாம் மாடியே கிடையாது, மூணுக்கு மேல் அஞ்சு. எனக்கு இதில் குழப்பமே வந்ததில்லை. சாவுன்னா தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணும். தீர்ந்தது.

5 செப்டம்பர் 2024

மானம் போச்சு. அஞ்சு பேர் எழுதிட்டீங்க. வாங்கறதுதான் மாய்3, விக்கிறது மாய்4. தலைகீழா எழுதியிருக்கேன். தட்டச்சுப் பிழைன்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா பிழை இல்லை. அன்னைக்கு ராத்திரி நிஜமாவே அப்படித்தான் நம்பி எழுதினேன்.

பழைய குறிப்பைத் திருத்தப் போறதில்லை. கிடக்கட்டும்.

8 செப்டம்பர் 2024

மூணு நாளா இதே நினைப்பு. கடையில் ஒரு ஆச்சிக்கு அரை டஜன் இட்லிக் குண்டான் எடுத்துக் கொடுக்கும்போதுகூட மாய், மாய்னு ஓடுது.

எனக்கு அந்தச் சம்பவம் மறக்கலை. அந்தம்மா போட்டிருந்த பச்சைக் குளிர்ச்சட்டை, மேசையில் கண்ணாடிக் குடுவையில் தேயிலை மிதந்துக்கிட்டிருந்தது, பக்கத்துக் கடைக்காரர் வாயில் பாதிச் சிகரெட், எல்லாம் இருக்கு. எது வாங்க, எது விற்கங்கிறது மட்டும் இல்லை. அவமானம் "இங்கே பள்ளம் இருக்கு"ன்னு பலகை நட்டுட்டுப் போச்சு. எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு எழுதலை. அதைவிட மோசம், அந்த இடம் வந்தாலே ரெண்டு தொனியும் சேர்ந்து வாசலில் நிக்குது.

துப்பாக்கி காட்டி மிரட்டப்பட்டவங்க விஷயத்தில் இதைப் பார்த்திருக்காங்க. துப்பாக்கி அப்படியே ஞாபகம் இருக்கும், பிடிச்சிருந்தவன் முகம் இருக்காது. உணர்ச்சி ஏற ஏறக் கவனம் குறுகும்னு 1959-இல் ஈஸ்டர்புரூக்னு ஒருத்தர் எழுதியிருக்கார். எனக்குத் துப்பாக்கி அந்தம்மா சிரிப்பு. தொனி, முகம்.

9 செப்டம்பர் 2024

இந்த இழையிலேயே ஒருத்தர் போட்ட வழி, ஒரே நாளில் தீர்ந்துபோச்சு. எழுத்தைப் பாருங்கங்கிறார். வாங்கற எழுத்து கீழே அப்படியே இருக்கு, அதன் தலையில் "பத்து"ங்கிற எழுத்தை வச்சா விக்கிற எழுத்து. வாங்கினதுமேல் பத்து வச்சு விக்கிறது! கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேணும். பத்தைத் தூக்கித் தலையில் வச்சா பாரத்தில் குரல் கீழே விழும், அது மாய்4.

ஆறு வருஷ அவமானம் செய்யாததை ஒரு லாபக் கணக்கு செஞ்சுட்டது.

15 செப்டம்பர் 2024

ஞாயித்துக்கிழமை, கடை இல்லை, எழுதித் தள்ளலாம்.

சிரிப்பு பத்திக் கேட்டீங்க. சிரிப்பு, ஆச்சரியம் ரெண்டும் அவமானத்தைவிட ஒழுங்கா வேலை செய்யுதுன்னு இப்ப தோணுது. காரணம், சிரிப்பு வார்த்தைக்கு உள்ளேயே இருக்கு. அவமானம் வார்த்தைக்கு வெளியே நின்னு வேடிக்கை பார்க்குது.

நீ3 என்றால் நீ. முதல் பாடத்திலேயே இதைக் கேட்டு எழுந்து நின்னுட்டேன். கான்4 என்றால் பார். நம்ம காண்! சொந்தமெல்லாம் இல்லை, தற்செயல்தான், ஆனா அந்தத் திடுக்கிடல் போதும், ரெண்டாவது தடவை படிக்க வேண்டியிருக்கலை. மாமான்னா அம்மா. எங்க தாய்மாமா, அம்மானிடம் சொன்னேன், அவருக்கு அவ்வளவாப் பிடிக்கலை. பூ4 என்றால் இல்லை, வேண்டாம். பூக்காரம்மா தெருவில் "பூ பூ"ன்னு போகும்போதெல்லாம் சரக்கை வேண்டாங்குதேன்னு நினைச்சுக்குவேன்.

எல்லாத்துக்கும் மேலே ஒண்ணு: வாங்4. மறக்கிறதுன்னு அர்த்தம். வட்டிக்கடை வச்சவங்க வம்சத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வாங்கினவன் மறப்பான், கொடுத்தவன் மறக்கமாட்டான்.

திட்டும் படிச்சேன். பென்4தான்4, முட்டாளே. எழுத்துக்கு எழுத்து போட்டா "மந்த முட்டை". முட்டாளும் முட்டையும் ரெண்டு மொழியிலும் பக்கத்து வீடு.

16 செப்டம்பர் 2024

திருத்தம் வந்திருக்கு, நியாயமானது. கான்4-இல் வர்ற க காத்தை ஊதிச் சொல்ற க. பூ4-இல் வர்ற ப ஊதாத ப. நம்ம எழுத்தில் ரெண்டுக்கும் ஒரே க, ஒரே ப. தமிழில் எழுதி வச்சுப் படிச்சா இந்த வித்தியாசம் மொத்தமும் போயிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னாடி வச்சு, காத்து படுதான்னு பார்த்துப் பழகுங்க. என் நோட்டு முழுக்கத் தமிழில்தான் இருக்கு, அதனால்தான் என்னைப் பார்த்து யீவூவே சிரிக்குது.

1 அக்டோபர் 2024

பயம் பத்தி யாரும் பேசலையேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். எங்க ஐயா கதை சொல்றேன்.

ஐயா சின்ன வயசில் திண்ணைப் பள்ளிக்கூடம். எண்சுவடி. முந்திரின்னா 320-இல் ஒரு பங்கு, அதிலிருந்து ஆரம்பிச்சுக் கீழ்வாய் இலக்கம்ங்கிற பின்னக் கணக்கு பூரா மனப்பாடம். தப்பினா பிரம்பு. பதினஞ்சு வயசில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாப் போனார். எண்பத்தஞ்சு வயசில், பேரன் பேர் மாறிப்போற நாளிலும், எண்சுவடியை ஆரம்பிச்சா நிக்காது. ஆனா நடுவில் ஒண்ணைக் கேட்டா வராது. முதல்லேருந்து ஓட்டிக்கிட்டு வந்து, அந்த இடத்தில் நின்னு, "இதுதான்"பார். பயம் கோர்த்த சரம், நடுவில் ஒரு மணியைத் தனியா எடுக்க முடியாது.

ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும், 1942-இல், ஆயிரக்கணக்கான பேரோட அவரும் நடந்தே ஊர் திரும்பினார். ரெண்டு வருஷம் கடையில் பர்மியம் பேசினவர். கடைசிக் காலத்தில் மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை. யே. தண்ணீர்.

பயத்துக்கும் படிப்புக்கும் என்ன உறவுன்னு தேடினதில் யெர்க்ஸ், டாட்ஸன் ரெண்டு பேர் 1908-இல் எலிகளை வச்சுச் செஞ்ச சோதனை கிடைச்சது. மின்சார அடி வச்சு எலிக்கு வித்தியாசம் கத்துக்கொடுத்தாங்க. பாடம் சுலபம்னா, அடி பலக்கப் பலக்க எலி சீக்கிரம் கத்துக்கிட்டது. ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்னா, நடுத்தர அடிதான் சரி. பலமா அடிச்சா எலி குழம்பிப்போச்சு.

இதைப் படிச்சதும் என் மாய்3, மாய்4 ஞாபகம் வந்துட்டது. எண்சுவடி ஒரே தடத்தில் ஓடுற சரம், அதுக்குப் பிரம்பு போதும். ரெண்டு தொனியைப் பிரிச்சு அறியறது கஷ்டமான பாடம். அதுக்கு மார்க்கெட்டே கூடிச் சிரிச்சது ரொம்ப அதிகப்படியான அடி.

2 அக்டோபர் 2024

எலியையும் ஐயாவையும் ஒரே குறிப்பில் எழுதினதுக்கு வீட்டில் திட்டு. எழுதினது எழுதினதுதான்.

21 அக்டோபர் 2024

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கார். வகுப்பில் கூப்பிட்டா வாய் ஒட்டிக்குதாம், வீட்டில் தெரிஞ்சது அங்கே வரலையாம். ஐயா, அது படிக்கும்போது வர்ற உணர்ச்சி இல்லை, எடுக்கும்போது வர்ற உணர்ச்சி. பெட்டகத்துக்குள்ள நகை இருக்கு, சாவி போடுற கை நடுங்குது. அயல்மொழி வகுப்பில் வர்ற இந்த நடுக்கத்துக்குன்னே 1986-இல் ஹார்விட்ஸும் கூட இருந்தவங்களும் ஒரு கேள்வித்தாள் செஞ்சிருக்காங்க. அதுக்கு முன்னாடியே கிராஷன்னு ஒருத்தர், பதற்றம் இருந்தா காதில் விழறது உள்ளே இறங்காது, வடிகட்டி மாதிரி ஒண்ணு தடுக்கும்னார். வடிகட்டின்னதும் எனக்குக் கண்ணில் வந்தது நம்ம காப்பி வடிகட்டிதான். சரியாத்தான் வருது, டிகாக்ஷன் இறங்கும், தூள் மேலே நின்னுடும். நமக்கு வேண்டிய வார்த்தை எந்தப் பக்கம்னுதான் தெரியலை.

இன்னொண்ணு. சீனத்துத் திட்டு எனக்கு வலிக்கவே இல்லை, பென்தான்னு யாராவது சொன்னா சிரிப்புத்தான் வருது. "கட்டையில போறவனே"ன்னு தமிழில் கேட்டா இந்த வயசிலும் முதுகு சில்லுங்குது. துருக்கியும் ஆங்கிலமும் தெரிஞ்சவங்களை வச்சு இதைப் பார்த்து 2003-இல் எழுதியிருக்காங்க. சின்ன வயசில் வீட்டில் வாங்கின திட்டைத் தாய்மொழியில் கேட்டா உள்ளங்கையே வேர்க்குது, ஆங்கிலத்தில் கேட்டா அவ்வளவு இல்லை. அப்ப "உணர்ச்சியோட படி"ங்கிற வாத்தியார் ஒண்ணை மறந்துட்டார். புது வார்த்தைக்கு நமக்குள்ள இன்னும் உணர்ச்சியே இல்லை. நாமதான் கொண்டுபோய் ஒட்டணும்.

6 நவம்பர் 2024

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுறேன். ஆத்தாவைச் சேர்த்திருக்கு. பக்கத்தில் உட்கார்ந்து எச்.எஸ்.கே.ங்கிற சீனமொழித் தேர்வில் நாலாம் நிலைக்குப் படிக்கிறேன். மூணாம் நிலைக்கு அறுநூறு வார்த்தை, நாலுக்கு ஆயிரத்து இருநூறு, சரியா இரண்டு மடங்கு. நேரம் நிறைய இருக்கு, ஒண்ணும் ஏறலை. வாசிச்ச வரியையே வாசிக்கிறேன்.

அன்கின்னு ஒரு மனப்பாடச் செயலி, அதில் வார்த்தைக்கு ஒரு அட்டை போட்டு, வார்த்தையை என் குரலிலேயே பதிஞ்சு வைக்கிறேன். சொந்தக் குரலில் பதியாதே, உன் தப்புத் தொனியும் சேர்ந்து பதியும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சரிதான். ஆனா எதையாவது செய்யணும் இல்லையா.

பார்த்தது ஒண்ணு. மறக்கிறதுக்கு எழுத்தில் மேலே இழப்பு, கீழே இதயம். வேலையா இருக்கேன், நேரமில்லைங்கிறதுக்கும் அதே ரெண்டுதான், இதயம் பக்கவாட்டில் ஒடுங்கி நிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

7 நவம்பர் 2024

இன்னைக்குப் பரவாயில்லை. இட்லி சாப்பிட்டாங்க. விசாரிச்சவங்களுக்குச் சொல்றேன்.

9 ஜனவரி 2025

நவம்பர் 19-ஆம் தேதி ஆத்தா போயிட்டாங்க. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை, செயலியையும் தொடலை. பிள்ளையார் நோன்புக்கு இந்த வருஷம் இழை எடுக்கலை. அதனால் இந்த இழைக்காவது வரலாம்னு வந்தேன்.

செப்டம்பரில் நாலு பேர் தூக்கறது பத்தி நான் எழுதின ஜோக்கைப் படிச்சேன். அழிக்கலை.

11 ஜனவரி 2025

நேத்து செயலியைத் திறந்தா முந்நூறு அட்டை பாக்கி. அதில் ஆஸ்பத்திரியில் போட்டது அறுபதுக்குப் பக்கம். ஓட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி போயிட்டது, நான் போட்ட அட்டையான்னே தெரியலை. கவலை வார்த்தைக்கு ஆணியெல்லாம் அடிக்காது, ஈரத் துணி மாதிரி மேலே கிடக்கும், அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் நின்னிருக்கு. மாவ்2ஜின்1. துண்டு, கை துடைக்கிற துண்டு. ஏன் நின்னுதுன்னு பதிவைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. நான் "மாவ்ஜின்"னு சொல்றேன், பின்னாடி கட்டிலிலிருந்து ஆத்தா "காப்பி ஆறுதுப்பா"ங்கிறாங்க. அவ்வளவுதான், ரெண்டு செகண்ட்.

மூளைக்குள்ள வாதுமைப் பருப்பு அளவில் அமிக்டலான்னு ஒண்ணு இருக்கு, அதுதான் ஞாபகப் பகுதிக்கு "இதைப் பத்திரமா வை"ன்னு சொல்றதுன்னு படிச்சிருக்கேன். எதை வைக்கணும்னு நம்மளைக் கேட்டுச் செய்யறதில்லை போல. எங்கேயோ காப்பி ஆறுனதுக்கு ஒரு துண்டைப் பத்திரமா வச்சிருக்கு.

முதல்நாள் கேள்விக்குப் பதில் இதில் இருக்கு. உணர்ச்சி வார்த்தையை வைக்காது, அந்த நேரத்தை வைக்கும். நேரத்துக்குள்ள வார்த்தை மாட்டியிருந்தா நம்ம அதிர்ஷ்டம். மிச்ச ஆயிரத்து நூத்துச் சொச்சத்துக்குத் தினம் அரைமணி, சுவாரசியமே இல்லாம, புரட்டிப் புரட்டித்தான் ஆகணும். எபிங்ஹவுஸ் 1885-லேயே அர்த்தமில்லாத அசைகளை வச்சுக்கிட்டுத் தன்மேலேயே சோதனை பண்ணி அதைத்தான் சொல்லிட்டுப் போயிருக்கார்.

12 ஜனவரி 2025

ஒரு சிக்கல். இந்தச் செயலி எப்படின்னா, நல்லா ஞாபகம் இருக்கிற அட்டையைத் தள்ளித் தள்ளிப் போடும், மறக்கிறதை அடிக்கடி காட்டும். மாவ்ஜினை ரெண்டு மாசம் பார்க்காமலிருந்தும் சரியாச் சொல்லிட்டேன் இல்லையா. அதனால் "தெரியும்"னு அழுத்தினா அடுத்து மே மாசம்தான் காட்டுமாம். அதையும் சரியாச் சொன்னா அதுக்கடுத்து ஒரு வருஷத்துக்கு மேலே.

இன்னைக்கு "மறந்துட்டேன்"னு அழுத்தினேன்.

15 ஜனவரி 2025

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. கடையும் மூடல்.

ஒலியை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கலாமேன்னு நாலு பேர் எழுதியிருக்கீங்க. எடுத்து வச்சாச்சு, மகள் போனிலும் போட்டுக் கொடுத்தாச்சு. அதை நானாப் போய்க் கேட்டா வேற மாதிரி இருக்கு. சாப்ஸ்டிக் வந்து, விமான நிலையம் வந்து, அடுத்து என்னன்னு தெரியாம இருக்கும்போது அது வரணும்.

பொய்யா அழுத்தினா செயலியின் கணக்கே கெட்டுப்போகும்னு கோவிச்சுக்கிட்டவருக்கு: எங்க வம்சத்தில் கணக்கில் பொய் எழுதினது நான்தான் முதல் ஆளுன்னு சொல்லமாட்டேன்.

20 ஜனவரி 2025

இன்னையோட எட்டுத் தடவை மறந்துட்டேன். காலையில் ஒரு அறிவிப்பு. இந்த அட்டை உன் நேரத்தை உறிஞ்சுது, நிறுத்தி வச்சிருக்கேன்னு. இப்படிப்பட்டதுக்கு அவங்க வச்சிருக்கிற பேர் லீச். தமிழில் என்னன்னு யோசிச்சு, கடைத் திண்ணையில் உட்கார்ந்து தனியாச் சிரிச்சேன். அட்டை. அட்டை அட்டையாயிட்டது.

உள்ளே போனா நிறுத்தத்தை நீக்க ஒரு பொத்தான் இருக்கு, நீக்கிட்டேன். இனிமே நாலு நாலு தடவைக்கு ஒருக்கா எச்சரிக்குமாம். நாளைக்கு நாற்பத்தியொரு அட்டை பாக்கி காட்டுது, அது எத்தனையாவதா வரும்னு தெரியாது.